கடைசிப் பெட்டியிலிருந்து

போர்ட் அகஸ்டா,
ஆகஸ்ட் 16, 1994

அன்புள்ள டேரிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, லினெட், குட்டி கெல்லி மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே மெரடினில் கோதுமைக்கு மழை போதுமான அளவு பெய்ததா? இங்கே மழை இல்லை, குளிர்காற்று மட்டும்தான். இந்த வருஷம் தக்காளிக்குப் பாத்தி கட்டவில்லை. மண்வெட்டி ஷெட்டில் சாத்தி வைத்தபடியே இருக்கிறது.

போன ஞாயிறு போனில் ராயிலீனுடைய சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டாய். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் அக்கா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் காதுபட அதைச் சொல்ல முடியவில்லை. இப்போது அவள் பக்கத்து வீட்டுக்காரி நெல்லோடு கடற்கரைக்குப் போயிருக்கிறாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மருத்துவமனைக்குப் பின்தெருவில் நான்கு பேர் தங்கும் வீடு ஒன்று இருக்கிறது. சமைத்துப்போட, குளிக்கச் சொல்ல, கேஸை அணைக்க எந்நேரமும் ஒரு ஆள் அங்கே இருப்பார். அதில் ஒரு அறை காலியானது. ராயிலீனை அழைத்துப்போய்க் காட்டினேன். மஞ்சள் போர்வை இருந்த கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். "இங்க ரயில் சத்தம் கேக்குமா?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டாள். கேட்காது என்றதும், "சரி, ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுக்கு வந்து கேட்டுக்கறேன்" என்றாள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. அதன்பிறகு அப்படி இருந்ததில்லை.

அந்த அறை கிடைக்க ஒரே நிபந்தனைதான். அறிவுத்திறன் சோதனையில் எழுபதோ அதற்குக் கீழோ வரவேண்டும். உங்கள் அம்மா இருந்தவரை யாரையும் சோதனை வைக்க விட்டதில்லை. என் பொண்ணுக்கு எவனும் மார்க் போட வேண்டாம் என்பாள். அதனால் முப்பத்தெட்டு வயதில் இதுதான் அவளுடைய முதல் பரீட்சை. உனக்கும் எனக்கும் இந்தத் தெருவுக்கும் அவளைப் பற்றித் தெரியும். பஸ் வழக்கமான பாதையை விட்டு வேறு தெருவில் திரும்பினால் அழுதுவிடுவாள். கதவைத் தட்டிய யாரோ ஒருவனுக்கு வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாளே, அதுவும் உனக்குத் தெரியும். எழுபதா, அறுபதுகூட வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சோதிக்க அடிலெய்டிலிருந்து வந்தவள் மிஸ் பாஸ்கோ என்ற இளம்பெண். உளவியல் படித்தவள், நல்ல மாதிரி. என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். காலையில் தொடங்கியது மதியச் சாப்பாட்டு நேரம்வரை போனது. நடுவில் ஒருமுறை கதவைத் திறந்து வந்து ராயிலீன் என்னிடம் பிஸ்கெட் வாங்கிப்போனாள்.

முதல்நாள் அவளிடம் "தெரிஞ்சாலும் தெரியலைன்னு சொல்லும்மா" என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் முதல் கேள்வியிலேயே, "தெரியலைன்னு சொல்லச் சொல்லி அப்பா சொன்னாரு" என்று சொல்லியிருப்பாள். அது மட்டுமில்லை, அவளிடம் அப்படிச் சொல்ல வாயும் வரவில்லை. நன்றாகச் செய் என்று சொல்லித் தலையை வாரி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வியெல்லாம் என்னிடம் ஒப்பித்தாள். தெருவில் தொலைந்துபோன குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். "நானும் கூட அழுவேன்னு சொன்னேன்" என்றாள். அதற்கு மார்க் கிடையாது. சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக் கொடுத்துப் படத்தில் இருப்பதைப்போல அடுக்கச் சொன்னார்களாம். இவள் அதில் வீடு கட்டியிருக்கிறாள். அதற்கும் இல்லை. கேட்கக் கேட்க, சரி, அறை கிடைத்துவிடும் என்று என் மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளைக்கு ஒவ்வொரு முட்டையாக விழ விழ ஒரு தகப்பன் நிம்மதி அடைவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில்தான், "நம்பர் விளையாட்டும் இருந்துச்சு அப்பா, அதுல நான் தப்பே பண்ணல" என்றாள்.

மிஸ் பாஸ்கோ இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு விவரம் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுவார்கள். கேட்டுவிட்டு வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு அதையே கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்ல வேண்டும். "இதுல காலேஜ் படிச்சவங்களே தடுமாறுவாங்க மிஸ்டர் ட்ரெசைஸ். உங்க பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு ஏழு எண்ணைப் பின்னாலேர்ந்து சொல்றாங்க. நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாள்.

யார் சொல்லிக்கொடுப்பார்கள்? நீ அப்போது கைக்குழந்தை. உங்கள் அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று விடுமுறை நாட்களில் ராயிலீனை நான் வேலை பார்த்த ரயில் யார்டுக்குக் கூட்டிப்போவேன். என் சாப்பாட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வருகிற போகிற சரக்கு வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டி உள்ளே வரும்போது எஞ்சினிலிருந்து பெட்டி எண்களைப் படிப்போம். பெட்டிகளைக் கழற்றி மாற்றிக் கோக்கும் ஷண்டிங் முடிந்து அதே பெட்டிகள் மறுபக்கமாகப் புறப்பட்டால் கடைசியாக இருந்தது முதலாகிவிடும். எல்லாவற்றையும் தலைகீழாகப் படிக்க வேண்டும். நாங்கள் அதை எழுதிவைத்துப் படித்தோம். அவள் எழுதாமல் சொன்னாள். எழுத்து வராத பிள்ளைக்கு எண் மட்டும் ஒட்டிக்கொண்டது. "ஏ மெர்வ், பொண்ணுக்குத் தொப்பியக் குடுத்துட்டு நீ வீட்டுக்குப் போய்யா" என்று பையன்கள் கேலி செய்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது. இன்றைக்கும் சாயங்காலம் பின்வாசலில் நின்று வண்டியைப் படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். அந்தத் திறமையால் அவள் இதுவரை ஒரு முட்டைகூட வேகவைத்ததில்லை.

மொத்தம் எழுபத்துமூன்று வந்தது.

சோதனையில் மொத்தம் பதினொரு பகுதி. நம் ரயில் கணக்கில் சொன்னால், பதினொரு பெட்டியில் பத்து காலி, ஒன்றில் மட்டும் இரும்பு. மொத்த எடையைப் போட்டுவிட்டு எல்லாப் பெட்டியிலும் சரக்கு இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். மிஸ் பாஸ்கோவிடம் இதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. எந்தச் சோதனையிலும் சில புள்ளிகள் முன்னே பின்னே இருக்கும், இவருக்குத் துணை அவசியம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன் என்றாள். எழுதித்தான் இருந்தாள். அந்த வீட்டில் இடம் ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தால் அங்கே பேசியவள், "எழுபதுக்கு மேல போச்சுன்னா சிஸ்டம் எடுத்துக்காது சார். நல்ல விஷயம்தானே, சந்தோஷப்படுங்க" என்றாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மறுபடி சோதிக்கலாமா என்று மிஸ் பாஸ்கோவைக் கேட்டேன். உடனே வைத்தால் பழகிய கேள்வி என்று மார்க் இன்னும் கூடிவிடும், குறைந்தது ஒரு வருஷமாவது போகவேண்டும் என்றாள். ஒரு வருஷமா என்று மட்டும் கேட்டேன். அவள் என் சட்டைக் காலரைப் பார்த்தாள். அது இப்போது ரொம்பவே தொளதொளவென்று நிற்கிறது. வியாழன்தோறும் நான் அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்வருவது உனக்குத் தெரியும். அங்கே டாக்டரிடம் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எல்லோரும் வருவதைப் பற்றிச் சொன்னேன். முடிந்தால் கொஞ்சம் முன்னதாகவே வரச்சொல்லுங்கள் என்றார். அந்த அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிளிண்டர்ஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன். அவனுக்கு ஐம்பத்தெட்டாம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லது என்று சொன்னேன், மனதார.

இதுவரை எழுதியதுகூடப் பெரிதில்லை. ராயிலீனுக்கு எழுபத்துமூன்று என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த கடிதத்தில் எண்ணைப் பார்த்துவிட்டாள். எத்தனைக்கு மேல் வந்தால் பாஸ் என்று நெல்லைக் கேட்டிருக்கிறாள். விஷயம் தெரியாத நெல் ஐம்பது என்றிருக்கிறாள். அவ்வளவுதான், ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கறிக்கடைக்காரர், "பரீட்சைல பாஸாமே, எங்களையெல்லாம் மறந்துடாதீங்க மேடம்" என்று அவளுக்கு நான்கு சாசேஜ் கூடப் போட்டுக் கொடுத்தார். நெல் கேக் சுட்டாள். மேலே 73 என்று சிவப்பு ஐசிங். நானும் ஒரு துண்டு தின்றேன்.

பாஸ் செய்தால்தானே அறை கிடைக்கும்? அவள் கணக்கு அது. அதில் என்ன தப்பு, உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் அப்படித்தானே. அன்றே உங்கள் அம்மாவின் பழைய சூட்கேஸை எடுத்து உடுப்பு அடுக்கிவிட்டாள். அது வாசல் கதவருகே இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாஸ் பண்ணிட்டேன்ல அப்பா, எப்ப போறோம்?" என்று கேட்கிறாள். கூடிய சீக்கிரம் என்கிறேன். நீ சரியாகச் சொன்னதால்தான் உன்னை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? யோசித்துப் பார்த்தேன். எனக்கே அது சரியாகப் புரியவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, டேரில். தூக்கமும் நன்றாகவே வருகிறது. நெல் என்னை ஒருமாதிரி பார்க்கிறாள். பல்லைப் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல இருக்கிறது. இருப்பது தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்பு உங்கள் வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. ரயில் காட்டுகிறேன் என்று ராயிலீன் கெல்லியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்டவாளத்துக்குப் போனாள். இனி இவளை வைத்துக்கொள்ள என்னால் ஆகாது என்று லினெட் சொன்னாள். அன்று அவள் சொன்னதில் தப்பே இல்லை. குழந்தையைப் பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள்? நான் அவள்மேல் ஒரு வருத்தமும் வைத்திருக்கவில்லை என்று அவளிடம் சொல். மறக்காமல் சொல்.

ஞாயிறு போனில் பேசும்போது அக்காவிடம் பாஸ் செய்ததற்கு ஒரு வார்த்தை சொல். காத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு ஏழு எண் சொல்லுவாள், தலைகீழாகவும் சொல்லுவாள். நீ சரிபார்க்க வேண்டியதில்லை, தப்பு இருக்காது.

நெல்லின் கார் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கொல்லைப்புறம் உயரமாக வேலி போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம் செய்தாய். அந்த வேலிக்கு மேலே, உங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், கோதுமை ஏற்றிப்போகும் ரயிலின் பெட்டி எண்கள் தெரியுமா? லினெட்டைக் கேட்டு, அதை மட்டும் எனக்கு எழுது.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன் அப்பா,
மெர்வ்