வேலு, உன் பெட்டி பேசிவிட்டது

அன்புள்ள மாப்ளே வேலு,

நீ போன இடத்துக்குத் தபால் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் கம்ப்யூட்டர் பேசிவிட்டது. பேச வைத்தது நான்தான். கால்குலேட்டரில் கூட்டிவிட்டு மறுபடி விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறவன் என்று என்னைக் கடை முழுக்கக் கேலி செய்தவன் நீ. நம்பமாட்டாய். உன் அக்காவைக் கேட்டுக்கொள்.

என் மனைவி கோமதிக்கு ஒரே தம்பி நீ. திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்து, எங்கள் அசோக் நகர் வீட்டு ஹாலில் எட்டு வருடம் பாய் போட்டுப் படுத்தவன். ஆவணியில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இருபத்தேழு வயதில் என்ன அவசரம் உனக்கு?

தி.நகர் ஜாக்கெட் துணிக்கடைக்கு ஸ்டாக் எழுதவென்று நான் வாங்கிய பெட்டி அது. நீ அதை வீட்டை விட்டு நகரவிடவில்லை. அதிலிருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றினாய். அன்றோடு பெட்டி ஊமையாகிவிட்டது. சவுண்டு கார்டுக்கும் லினக்ஸுக்கும் ஆகவில்லை என்றாய். "அடுத்த வாரம் சரி பண்ணிருதேன் அத்தான்" என்றாய். எத்தனை அடுத்த வாரம் போயிற்று? ஊமைப் பெட்டியை வைத்துக்கொண்டு மாவா ஆட்டுவது என்று நான் கத்தினேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்கூடக் கத்தினேன். இப்போது நினைத்தால் சோறு இறங்குவதில்லை, மாப்ளே.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா சார் இது, வெறும் எழுத்தா ஓடிக்கினு கீது. ஃபார்மட் அட்ச்சுட்டு புச்சா போட்டா சோக்கா இருக்கும்" என்றார். நானும் சரி என்றேன். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த உன் அக்கா திருப்பியைக் கையில் வைத்தபடியே வந்து நடுவில் நின்றாள்.

"அத யாரும் தொடக் கூடாது. அவன் குரலு அதுக்குள்ள இருக்கு."

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. பெட்டி ஊமையாவதற்கு முன்பு மைக் வைத்து எதையோ பதிவு செய்து, விண்டோஸை அழித்தபோதும் அதை மட்டும் அழியாமல் எடுத்து வைத்திருக்கிறாய். 'நம்ம ரெண்டு பேரு குரலும் இதுல இருக்குக்கா, பெட்டி பேச ஆரம்பிச்சதும் போட்டுக் காட்டுதேன்' என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். உன் போட்டோ நாலைந்து இருக்கிறது. குரல் வேறெங்கும் இல்லை. உன் குரல் மறந்துவிடுமோ என்று அவள் பயந்தே போயிருந்தாள். "நெனச்சு நெனச்சுப் பாக்கேன், அவன் சிரிப்பு ஞாபகம் வருது, பேச்சு வர மாட்டேங்குது" என்றாள். வந்தவரை ஒரு காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

தீபாவளி போன பிறகு, வாசலில் ஒரு பையோடு உன் காலேஜ் சிநேகிதன் சீனு வந்து நின்றான். மயிலாப்பூர்க்காரன், அமெரிக்காவில் வேலை பார்க்கிறவன். "வேலு இருக்கானா அக்கா?" என்று கேட்டான். அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கோமதிதான் சொன்னாள். ஷூவைக் கழற்றாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "மெயிலுக்குப் பதிலே வரலை. ஏதோ கோவமா இருக்கான்னு நெனச்சுண்டு நானும் எழுதாம இருந்துட்டேன் மாமா" என்றான்.

அவன் பையில் நீ கேட்டிருந்த சாமான் இருந்தது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பாட்டுப் பெட்டி. கேசட் கிடையாது, உள்ளே சுற்றுவது எதுவும் கிடையாது. ஒரே ஒரு பென்சில் பேட்டரி. கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் சொருகுகிற இடத்தில் கேபிளைச் சொருகினால், உள்ளே இருக்கிற பாட்டு இதற்குள் வந்துவிடுமாம். கூட வந்த டிஸ்க் விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸுக்கென்று யாரோ புண்ணியவான்கள் எழுதி இனாமாகக் கொடுத்த ஒரு புரோகிராமை உனக்காகவே ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தான். கம்ப்யூட்டர் ஊமையாக இருந்தால் என்ன, இது பேசுமே என்றான். கோமதி உடனே விளக்கேற்றினாள்.

பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. அத்தானிடம் சொன்னால் தி.நகர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாயாமே. இருக்கட்டும். சீனு தேடிப் பார்த்தான். 'அக்கா' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த ஒரே ஒரு ஃபைல் இருந்தது.

இரண்டு நாள் அவன் அதோடு மல்லுக்கட்டினான். மேஜைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிச் சொருகுவான், தட்டுவான், 'கருவி கிடைக்கவில்லை' என்று பதில் வரும். கடைசியில், ஃபைலை நாலு ஃப்ளாப்பியில் வெட்டி எடுத்துக்கொண்டு போய் வேறு கம்ப்யூட்டரில் ஒட்டிக் கேட்கலாம் என்றான். அதற்கு உன் அக்கா சொன்னாள்: "சோதனைன்னு அறுத்த ஒடம்பத்தான் ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. இதையும் வெட்ட வேண்டாம் தம்பி." அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விமானத்துக்கு நாளாகிவிட்டது. என்னென்ன தட்ட வேண்டும் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். "ஆத்துல போய் அம்மா மூஞ்சியப் பார்க்கவே முடியலை மாமா, வேலு ஞாபகமாவே இருக்கு" என்று போகும்போது அழுதான்.

பிறகு நான்தான். தினமும் கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், ஒற்றை விரலால். அந்தத் தாளைச் சுலோகம் மாதிரி ஒப்பிப்பேன் இப்போது. தினமும் அதே பதில்தான். இதற்கிடையில் இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கோமதிக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்குள்ள ஒரு தடவ கேட்டுரணுங்க" என்பாள். நாட்காட்டியில் தாள் குறைந்துகொண்டே வந்தது.

போன வெள்ளிக்கிழமை காலை, பொறுமை போய், மேஜையையே இழுத்துப் போட்டுப் பெட்டியின் முதுகை வெயில் பக்கம் திருப்பினேன். கேபிள் சொருகுகிற இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. சந்தனம், நடுவில் குங்குமம்.

"கோமதி, இது என்ன?"

"போன வருஷம் ஆயுத பூஜைக்கு வச்சேன். கத்தரிக்கோலுக்கு வைக்கோம், முழக்கோலுக்கு வைக்கோம், இதுக்கு வைக்காண்டாமா? முன்னால வச்சா அவன் திட்டுவான்."

"அதுக்கு அந்த ஓட்டையிலயா வப்ப?"

"அதுலதான் எதையும் சொருகாம இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். "நாந்தான் அவன் வாய அடச்சுட்டனா?" என்றாள். துணியைத் தவிர வேறெதைப் பற்றியும் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "நீ வச்ச பொட்டு, நீயே எடு" என்றேன். இருபத்தைந்து துளை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நோண்டி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி ஊதி எடுத்தாள். கடை திறக்கிற நேரம் தாண்டிவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை.

மறுபடி தட்டினேன். இந்தத் தடவை, நூற்றுக்கு எத்தனை பங்கு உள்ளே போயிற்று என்று திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. நூறு வரும்வரை கோமதி அந்த டூத் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. காதில் மாட்டுகிற வயர் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டோம்.

முதலில் குக்கர் சத்தம். பிறகு அரிவாள்மணையில் காய் நறுக்குகிற சத்தம். பிறகு யாரோ பாடினார்கள். பழைய சினிமாப் பாட்டு, பாதி வரி தெரியாமல் 'ம்ம்' என்று இழுத்து நிரப்பி. நல்ல குரல். "யாரு பாடுதது?" என்று கேட்டேன். உன் அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. பதினெட்டு வருடம் குடித்தனம் செய்தவன், என் பெண்டாட்டி பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இருக்கிற நேரம் அவள் பாடியதில்லை.

பாட்டு நின்றது. "ஏல வேலு, அங்க என்னல செய்யுத?" என்று அவள் குரல். பிறகு நீ. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், மெதுவாக.

"ஒண்ணுமில்லக்கா. நீ பாடு."

அவ்வளவுதான். அவள் மறுபடி பாடினாள், அதோடு முடிந்துவிட்டது. மூன்று நிமிடத்தில் உன் பேச்சு அந்த ஒரு வரிதான்.

அவள் அழவில்லை. பாட்டுப் பெட்டியை உள்ளங்கையில் வைத்து, "என் கொரல எதுக்குல பிடிச்சு வச்ச? உன் கொரல வச்சிருந்தா ஆகாதா" என்று உன்னைத்தான் திட்டினாள். பிறகு மறுபடி போடச் சொன்னாள். எத்தனை தடவை கேட்டோம் என்று எண்ணவில்லை. விரல்விட்டு எண்ணுகிற நானே எண்ணவில்லை.

ஆவணிக்குப் பிறகு அவள் பாடினாளா? தெரியவில்லை, மாப்ளே. கேட்கவும் வாய் வரவில்லை. அதற்கு முன்பு பாடியதே தெரியாதவன் எந்த முகத்தோடு கேட்பது?

கம்ப்யூட்டரில் இருப்பதை யாரும் அழிக்கமாட்டார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு வேறு. இனிமேல் காலையில் கடையைப் பையன்கள் திறப்பார்கள். நான் பத்தரை வரை ஹாலில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன், அடுப்படியில் இன்னும் பாத்திரச் சத்தம்தான். மாதக் கணக்கானாலும் சரி, வருடக் கணக்கானாலும் சரி. என்றைக்காவது அவள் பாடி, பாதியில் நிறுத்தி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், நீ சொன்னதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டி, பதினெட்டு வருடம் கழித்து அவள் குரலைக் கேட்ட
உன் அத்தான்