தனி அடுப்பில் ஏழு நாள்

டிசம்பர் 27
இன்றிலிருந்து தனி அடுப்பு. மூன்றாம் தேதி ஊர்க் கோயிலில் நான் சன்பாசோ ஆட வேண்டும். கறுப்புக் கிழவர் முகமூடியோடு, புது வருஷம் விளைய மேடையை மிதித்து ஆடுகிற சடங்கு. இருபது வருஷம் அண்ணன் தோகுஜி ஆடினார். முழங்கால் போய்விட்டதால், நாற்பத்து மூன்று வயதில் எனக்கு முறை வந்திருக்கிறது. அதுவரை என் நெருப்பில் நானே சமைத்துச் சாப்பிட வேண்டும். வேறு நெருப்பில் வெந்தது வாயில் பட்டால் போச்சு, சித்தப்பா மகன் ரெய்ஜிதான் ஆடுவான். அவனும் விரதத்தில் தயாராக இருக்கிறான்.

டிசம்பர் 28
சோறு கருகிவிட்டது.

டிசம்பர் 29
சிசுரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "சாமி உங்களை மேடையேற விட்டுடும். வயிறு விடுமா?" என்றாள். பெண்டாட்டியா இவள்!

டிசம்பர் 31
என்ன காரியம் பண்ணிட்டேன்! ஒத்திகை முடிந்து கொலைப் பசி. தோட்டத்தில் சிசுருவும் மகள் கயோவும் சருகு எரித்துக் கிழங்கு சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். கயோ ஒரு துண்டு நீட்டினாள். விழுங்கிய பிறகுதான் உறைத்தது — அது என் அடுப்பு இல்லையே!

சொல்லாமல் இருந்துடலாமா? முகமூடிக்குள்ள போய் யார்கிட்ட ஒளியறது?

அண்ணனுக்குப் போன் செய்தேன். "யாருடா அந்த நெருப்பை மூட்டினது?" என்றார். கயோவைக் கேட்டேன்.

"அம்மா தீப்பெட்டிய தேடிட்டே இருந்தாங்க. நான் உங்க அடுப்புலேர்ந்து ஒரு கரித்துண்டு எடுத்துட்டேன்பா."

அண்ணன் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அது உன் நெருப்புதான்டா, நீயே ஆடு! ஆனா அதுல தின்னவங்களும் உன் பந்திதான். மூணாம் தேதி வரைக்கும் அவங்களுக்கும் உன் சமையல்தான்."

சிசுருவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜனவரி 1
நாலு அடுக்குப் பெட்டி நிறைய சிசுரு செய்துவைத்த புது வருஷ விருந்து அவள் அம்மா வீட்டுக்குப் போனது. நாங்கள் மூவரும் பின்கட்டில் குந்தி என் குழைந்த சோற்றைத் தின்றோம். "பழிவாங்கிட்டீங்க" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜனவரி 2
கயோ எண்ணுகிறாள்: இன்னும் மூன்று வேளை.

ஜனவரி 4
தொடை இரண்டும் மரத்துப்போய் மாடிப்படி ஏற முடியவில்லை. நேற்று மேடையில் மிதித்த மிதி அப்படி. "உன் ஆட்டத்தைப் பார்த்து அழுதுட்டேன்டா. அடுத்த வருஷமும் நீதான்" என்றார் அண்ணன்.

சிசுருவிடம் சொன்னேன்.

"அப்ப டிசம்பருக்குள்ள ஒழுங்கா சமைக்கக் கத்துக்கோங்க" என்றாள். "நாங்களும் உங்ககூடத்தானே உக்காரப் போறோம்."