வேனின் முன்னிருக்கையில் ஆலோசகர் அமர அனுமதி கோரி

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநர்,
புறநோயாளி எண் 417, மனநலப் பிரிவு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் ஆலோசகர் வேனில் வந்து சிகிச்சை அளிப்பதைத் தடுத்த உத்தரவை விலக்கிக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக, சக்கரம் எதன் மீதாவது ஏறி இறங்கினால் யார் மீதோ வண்டியை ஏற்றிவிட்டேன் என்று நெஞ்சு பதறுகிறது. திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பாதி வழி வருவதற்குள் சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் சந்தேகம் வரும். பிள்ளைகள் எனக்கு 'யூ-டர்ன் மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ரோட்டுல இருக்கறது குழிங்க, ஆளு இல்ல" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

2. இங்கு முதலில் பார்த்த ஆலோசகர் எட்டு மாதங்கள் என் சிறுவயதைப் பற்றிப் பேச வைத்தார். அதைக் குறை கூறவில்லை. சாலை விபத்தில் போன என் தம்பிக்காக அந்த அறையில்தான் முதன்முதலாக அழுதேன். மனப்பாரம் குறைந்தது, வேன் திரும்புவது குறையவில்லை.

3. அடுத்து வந்த ஆலோசகர் அம்மாவின் முறை வேறு. செவ்வாய்தோறும் பிள்ளைகளை இறக்கிவிட்டபின் காலி வேனில் என்னருகே அமர்ந்து வருவார். குழியில் ஏறி இறங்கினாலும் திரும்பக் கூடாது. "யாரும் இல்லதானே?" என்று அவரிடம் கேட்கவும் கூடாது, கேட்டாலும் பதில் வராது; ஒருமுறை 'இல்லை' என்று சொன்னால் மறுமுறையும் கேட்கத் தோன்றும் என்பார். எனக்கு வியர்த்துக் கொட்டும். பயம் உச்சிக்கு ஏறி, பிறகு தானாகவே இறங்கும். நாளொன்றுக்குப் பதினைந்து முறை திரும்பியவன் ஆறே வாரத்தில் இரண்டு முறைக்கு வந்தேன்.

4. மகிழ்ச்சி தாளாமல் சென்ற மாதம் தங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். அதுவே வினையாகிவிட்டது. பணி நேரத்தில் நோயாளியின் வண்டியில் சென்றது ஏன் என்று அவரிடம் விளக்கம் கேட்டுள்ளீர்கள். இனி அறைக்குள் மட்டுமே சிகிச்சை என்றும் உத்தரவிட்டுள்ளீர்கள். நல்லது செய்தவரை நானே மாட்டிவிட்டேன். ஐயா, அறைக்குள் எனக்குப் பயமே வருவதில்லை. அங்கே குழி இல்லையே.

5. இந்த மாதத்துக்குள் வேன் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எஞ்சியுள்ள மூன்று செவ்வாய்க்கிழமைகளுக்காவது அவரை அனுமதியுங்கள். எந்தப் படிவத்திலும் கையெழுத்திடத் தயார்.

6. இம்மனுவைக் கொடுக்க வரும்போது, மருத்துவமனை வாயிலருகே பின்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. நான் இறங்கிப் பார்க்கவில்லை. இருபது நிமிடமாகத் தங்கள் அறை வாசலில் அமர்ந்திருக்கிறேன்; இந்தப் பத்தியை இங்கேதான் எழுதிச் சேர்த்தேன். பயம் இன்னும் இறங்கவில்லை. வாயிலில் யாரும் இல்லை என்று தயவுசெய்து தாங்களும் சொல்லிவிட வேண்டாம். ஆலோசகர் அம்மாவை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இடம்: தங்கள் அறை வாசல்
நாள்: செவ்வாய், முற்பகல் 11.20

இப்படிக்கு, இன்னும் எழுந்து போகாத,
(ஒப்பம்)
பள்ளி வேன் ஓட்டுநர்