பொங்கின கல்லும் அமுங்கின கல்லும்

கலீஜ். நீ அனுப்பின அம்மி எப்படிக் கீதுன்னு கேட்டியே அண்ணே, ஒரே வார்த்தையில அதான் பதிலு. நாங்க எல்லாரும் உசுரோட கீறோம், அம்மாவுக்கு முட்டிவலிதான் போகல, பூனா மலையில ரயில் பாதைக்குக் கல்லு உடைக்கிற நீ காய்ச்சல் இல்லாம இருந்தா சரி. அம்மா சொல்லச் சொல்ல ஜெயவேல் நான் எழுதுறேன், நடுவுல என் வாயும் நுழையும். பள்ளிக்கூடத்தை வுட்டவன் கையெழுத்துன்னு சிரிக்காதே.

உன் தோஸ்து ஸ்டானிஸ்லாஸ் அந்தக் கறுப்புக் கல்லை வூட்டுல எறக்கின அன்னிக்கே அம்மா நம்ம பழைய பல்லாவரத்து அம்மியைக் கிணத்தடிக்குத் தள்ளிட்டா, எம்புள்ள அனுப்பினதுதான் ஒசத்தின்னு குப்பம் பூரா சொன்னா. நெருப்பு மலை கக்கின குழம்பு ஆறி ஆன கல்லுன்னு உங்க துரை சொன்னதா நீயும் பெருமையா எழுதினே. கக்கினதுதான், பார்த்தாலே தெரியுது. பொங்கி வழிஞ்சது கொப்புளம் அடங்கறதுக்குள்ள ஆறிப்போச்சு, ஆப்பம் மாதிரி பூரா ஓட்டை, சில ஓட்டையில வெள்ளை மணி வேற. ஆர்பர் துறைமுகத்துல நான் தெனமும் எறக்குறது பல்லாவரத்துக் கல்லு, உடைச்ச முகத்துல ஒரு ஓட்டை பார்த்ததில்ல. அது பூமிக்கு அடியில, உருகாமயே, பாரத்துல அமுங்கிச் சூட்டுல வெந்து வேற கல்லா மாறினதுன்னு எங்க மேஸ்திரி சொல்றார். துகளெல்லாம் பல்லைக் கடிச்சிக்கினு நெருக்கமா நிக்குது, மசாலா உள்ள போக வழியே இல்ல.

நம்ம தங்கச்சி குணசுந்தரியைப் பொண்ணு கேட்ட மாப்பிள்ளையோட ஆத்தா பச்சையம்மா வூட்டார் ஞாயித்துக்கெழமை கை நனைக்க வந்தாங்க. அதுக்கு முந்தின வாரம் பூரா அம்மா உன் கல்லுலதான் சென்னாக்குனிக் கருவாடு அரைச்சா. கழுவினா, தேய்ச்சா, ஓட்டைக்குள்ள கை போகுமா? அதுலயே மிளகாய் அரைச்சு மீன் குழம்பு வெச்சா. மொத வாயிலயே மாப்பிள்ளையோட மாமன் வெள்ளை மணியைக் கடிச்சுப் பல்லைப் பிடிச்சிக்கினான். பச்சையம்மா மோந்து பார்த்துட்டு, இன்னாமே, மீன் விக்கிற எனக்கே நாத்த மீனான்னு எலையை மடிக்காம எழுந்துட்டா. மீனு அன்னிக்குக் காலைல கட்டுமரத்துல துள்ளிக்கினு வந்தது! குப்பத்துல இந்தப் பேரு வந்தா அப்புறம் எவன் நம்ம பொண்ண எடுப்பான்? குணா சோத்தைத் தொட மாட்டேங்குறா.

நான் தொடப்பக் குச்சியால அந்தக் கல்லைக் குடைஞ்சேன். கறுப்புச் சேறு, அதுல புழு நெளியுது. அப்படியே தூக்கிக்கினு போய்ப் பச்சையம்மா வாசல்ல வெச்சு, அவ கண்ணெதிர்ல இன்னும் ரெண்டு ஓட்டையைக் குடைஞ்சேன். தூ, எட்த்துக்கினு போடா பேமானின்னா. நான் நகரல. அப்புறம் மூக்கைப் பொத்திக்கினே, பொண்ணு பழைய அம்மியில என் எதிர்ல அரைக்கட்டும், தின்னு பார்த்துச் சொல்றேன்னா. இன்னிக்கு வரா. பழைய அம்மியைக் கொத்தி, கல்லுப்பொடி போக அரிசி அரைச்சுக் கொட்டி, உள்ள கொணாந்தாச்சு.

அம்மா சொல்றா, உம்மேல கோவமில்ல நைனா, நோய் நொடி அண்டாம நல்லா இரு, வெயில்ல தலைக்குத் துணி கட்டிக்கோ. சீருக்கு இன்னொரு கல்லு கொணாரேன்னு எழுதினியே, அது மட்டும் வாணாம், குணா மேடையில மிதிச்சா பல்லாவரத்து அம்மியத்தான் மிதிப்பா. உன் கல்லு கோழிக்கூண்டுக்கு முட்டுக் குடுத்துக்கினு கீது.

இப்படிக்கு, அம்மா குப்பம்மா, கைநாட்டு.

வாசல்ல பச்சையம்மா குரல் கேக்குது. குணா மிளகாயை வெச்சுட்டா, குழவியை மேல ஏத்திட்டு வாசலையே பார்க்குறா. நான் போறேன்.