எழுதிக் கொடுக்காத விடுப்பு

குட்டு, ஜிம்பாப்வே
2 ஏப்ரல் 2025

என் சோம்பேறி சஹ்விரா ஷுவாய்க்கு,

உன் பள்ளித் தோழியும், உன் முதியோர் பராமரிப்புக் கம்பெனியின் ஏழாம் நம்பர் பணியாளரும், ஒரு வாரமாக உன் அம்மாவைப் போல நடந்து காட்டி இடுப்பு பிடித்துக்கொண்டவளுமான ஃபுங்காய் எழுதுவது. ஊரில் சிக்னல் கிடையாது. அதனால் விடுதிக் காலத்துப் பழக்கப்படி தாளில் எழுதுகிறேன். சந்தைக்குப் போகும்போது படம் பிடித்து அனுப்பிவிடுவேன். நீயும் அப்படியே எழுது. உன் குரல் செய்தியில் அழுகைதான் கேட்கிறது, வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவைச் சனிக்கிழமை நல்லபடியாக மண்ணில் வைத்தோம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நம் இரண்டு வீட்டுக்கும் இதுதானே சஹ்விரா ஏற்பாடு? உங்கள் வீட்டில் சாவு என்றால் சஹ்விரா வீட்டுக்காரர்கள் நாங்கள் வந்து குழி வெட்டுவோம், செத்தவரைப் போல நடித்து அழுகிறவர்களைச் சிரிக்க வைப்போம். எங்கள் வீட்டில் என்றால் நீங்கள். எங்கள் ஆண்கள் குழி வெட்டினார்கள். நான் அம்மாவின் பச்சை ஸ்வெட்டரையும் ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி வாசலில் வந்து நின்றேன். "யாருடா என் கோழியத் திருடினது? தஃபாரா, நீதானே! வாயில எறகு ஒட்டியிருக்கு பாரு!" என்று உன் அண்ணனைப் பிடித்தேன். அழுதுகொண்டிருந்த மனுஷன் சிரித்துவிட்டார்.

உன்னையும் விடவில்லை. "என் மக எங்க? இங்கிலாந்துல வெள்ளக்காரக் கிழவனுக்கு சாக்ஸ் மாட்டிக்கிட்டு இருக்காளா? நானும் கிழவிதானேடி, எனக்கு மாட்ட மாட்டியா?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. உன் சித்தி மட்டும் சிரிக்கவில்லை. நீ கோபித்துக்கொள்ளாதே. சஹ்விரா வாயிலிருந்து வருவதற்குக் கோபப்பட உனக்கு உரிமையே கிடையாது.

ஆறாம் தேதி கிளம்பட்டுமா? பென்ட்லி தாத்தாவுக்கு யார் கஞ்சி வைக்கிறார்கள்? மற்றவர்கள் வைத்தால் கட்டி தட்டிவிடும், அவர் சாப்பிட மாட்டார். அப்புறம், மதிப்பிற்குரிய முதலாளி அம்மா, சாவுச் செய்தி கேட்டதும் விடுப்பு விண்ணப்பம்கூடக் கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டேனே! எழுதி அனுப்பவா? பதினாறு வருஷம் வாத்தியாராக இருந்தவள், ஒரு பிழை இருக்காது.

உன் கல்யாணத்திலும் உன் சாவிலும் உன் மானத்தை வாங்கப் போகிற,
ஃபுங்காய்


கெட்டரிங், இங்கிலாந்து
4 ஏப்ரல் 2025

என் வாயாடி சஹ்விராவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்து மூன்று தடவை படித்தேன். கீழே முடிதிருத்தும் கடைக்குக் கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். சாக்ஸ் விஷயம் நெஞ்சில் தைத்துவிட்டது. நீ சொன்னதால் தாங்கிக்கொண்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் செத்திருப்பேன்.

அம்மா சாவுக்குப் போகாத மகள் என்று ஊர் பேசத்தான் செய்யும். என்ன செய்ய? இந்த மாதம் குடியேற்ற அலுவலகத்து ஆட்கள் எந்த நாளும் சோதனைக்கு வரலாம். நான் இல்லாத நேரத்தில் வந்து, ஒரு தாள் குறைந்தாலும் வெளிநாட்டு ஆட்களை எடுக்கும் உரிமம் போய்விடும். உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருடைய விசா அந்த ஒரு உரிமத்தில்தான் தொங்குகிறது.

ஆறாம் தேதி வராதே. பன்னிரண்டாம் தேதி அம்மாவின் துணிமணிகளைப் பங்கிடுகிறார்கள். அண்ணியை நம்ப முடியாது. அம்மா சர்ச்சுக்குப் போடுகிற சிவப்பு மேல்சட்டை எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அதை வாங்கிக்கொண்டு பதினாறாம் தேதி விமானத்தில் வா. உன் ஷிப்டுகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். பென்ட்லி தாத்தா "சிரிக்கிற அம்மா எங்கே?" என்று தினமும் கேட்கிறாராம்.

விடுப்பு விண்ணப்பமா? சாவுக்குப் போன சஹ்விராவிடம் தாள் கேட்டால் அம்மா குழியிலிருந்து எழுந்து வந்து என்னை அறைவாள். வேலையைப் பற்றி நினைக்காதே. நான் இருக்கிறேன்.

உன்,
ஷுவாய்


ஹராரே
17 ஏப்ரல் 2025

ஷுவாய்,

ஒன்பது தடவை கூப்பிட்டுவிட்டேன். எடுக்க மாட்டேன் என்கிறாய். போனைக் கழிப்பறையில் போட்டுவிட்டாயா?

நேற்று விமான நிலையத்தில் என்னை ஏற்றவில்லை. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க விசா ரத்தாயிருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரியாப் பாரும்மா. என் முதலாளி என் சஹ்விரா. என்னை எப்படி ரத்து பண்ணுவா?" என்றேன். அவளும் சிரித்தாள். திரும்பப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்து, இப்போது அத்தை மகன் வீட்டில் இருக்கிறேன். உன் சிவப்புச் சட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை வாங்க உன் அண்ணியோடு நடந்த மல்யுத்தத்தை நேரில் நடித்துக் காட்டலாம் என்றுதான் எழுதாமல் வைத்திருந்தேன்.

என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல். பயமாக இருக்கிறது.

ஃபுங்காய்


கெட்டரிங்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள ஃபுங்காய்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். விசா விஷயம் கணினியில் நடந்த ஏதோ குழப்பமாக இருக்க வேண்டும். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதெல்லாம் நேரம் எடுக்கும். நீ ஊருக்குப் போய் ஓய்வாக இரு. உன் அறையில் உள்ள சாமான்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஷுவாய்


குட்டு
19 மே 2025

ஷுவாய்,

முப்பது வருஷத்தில் நீ எனக்கு எழுதிய கடிதங்களிலேயே என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டாத கடிதம் போன மாதம் வந்ததுதான்.

குடியேற்ற அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஏப்ரல் 12, சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் ஸ்பான்சர், அதாவது எனக்கு விசா எடுத்துக் கொடுத்த முதலாளி, அவர்களுக்குத் தகவல் கொடுத்தாராம். "அனுமதி பெறாமல் பத்து வேலை நாட்களுக்கு மேலாக வரவில்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியாது." கணினிக் குழப்பம் இப்படி வாக்கியம் வாக்கியமாக எழுதுமா?

அங்கே பத்து நாற்பது என்றால் இங்கே பதினொன்று நாற்பது. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? உன் அம்மாவின் முற்றத்தில். சிவப்புச் சட்டையின் ஒரு கையை உன் அண்ணியும் ஒரு கையை நானும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். "இது இங்கிலாந்துக்காரிக்கு! அவ நெஞ்சு குளிருதாம், அம்மா சட்டதான் வேணுமாம்!" என்று நான் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி விட்டுக்கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்து இரண்டு வருஷமாகிறது. தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, இடமில்லை என்றார். ஊரில் நான் இங்கிலாந்தில் என்ன திருடினேன் என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கே சட்டத்தை மாற்றுகிறார்களாம், முதியோர் பராமரிப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதைச் சீக்கிரமே நிறுத்தப் போகிறார்களாம். அதற்குள் என் விசா திரும்பக் கிடைத்தால்தான் உண்டு.

உன் ஏப்ரல் 4 கடிதம் என்னிடம் இருக்கிறது. "பதினாறாம் தேதி வா, வேலையைப் பற்றி நினைக்காதே" என்று உன் கையெழுத்தில். அதைக் காட்டாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்; குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும் என்கிறார் இங்குள்ள வக்கீல். அனுப்பினால் உன் உரிமம் போகும், மற்ற பதினொரு பேரும் தெருவுக்கு வருவார்கள் என்று எனக்கும் தெரியும். நான் அனுப்பமாட்டேன். சஹ்விரா சஹ்விராவுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாக நம் ஊரில் கேள்விப்பட்டதில்லை.

நீயே போய்ச் சொல். நான்தான் அனுப்பி வைத்தேன், எழுதி வைக்காதது என் தப்பு, விசாவுக்காக எனக்கு இன்னொரு சான்றிதழ் கொடுக்க அனுமதியுங்கள் என்று சொல். அடித்தாலும் நீயே அடி வாங்கு. நான் காத்திருக்கிறேன்.

ஃபுங்காய்


கெட்டரிங்
27 ஜூலை 2025

ஃபுங்காய்,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு மாதம் போய்விட்டது. சஹ்விரா என்று எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துக்கொண்டு வந்து ஏழாவதில் நிறுத்தினார்கள்.

"இவங்க எங்க?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"விடுப்பு எழுதிக் கொடுத்தாங்களா?"

"ஒரு சாவுக்குப் போனாங்க."

"யாரோட சாவு?"

ஃபுங்காய், அந்த இடத்தில் என் அம்மாவின் சாவு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். உங்கள் அம்மா சாவுக்கு நீங்கள் போகாமல் வேலைக்காரியையா அனுப்பினீர்கள் என்று கேட்பாள். உன்னை வேலைக்கு எடுத்துவிட்டு என் வீட்டுக் காரியத்துக்குப் பயன்படுத்தினேன் என்று எழுதுவாள். உரிமம் போய்விடும் என்று பயந்தது உண்மை. ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் அப்படிப்பட்ட மகளாக உட்கார்ந்திருக்க வெட்கம். அந்த வெட்கத்தில் சொன்னேன்: "தெரியல. சொல்லாமப் போயிட்டாங்க."

"அப்படின்னா நீங்க புகார் பதிஞ்சிருக்கணுமே?" என்றாள். மறுநாள் காலை பதிந்தேன். அதன் பிறகு தேநீர் போட்டுக் குடித்தேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்த பிறகு, நீ அந்தக் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பிவிடு, அனுப்பிவிடு என்று வேண்டிக்கொண்டேன். என் வாயால் சொல்லாமல் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா? தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். நீ அனுப்பவில்லை. இதற்கிடையே சர்ச்சில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, பன்னிரண்டு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவள் என்று சால்வை போர்த்தினார்கள். பதினொன்று என்று திருத்தவில்லை. நான் தலை குனிந்து நின்றதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன வியாழக்கிழமை, 24-ஆம் தேதி, எல்லாவற்றையும் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். நேற்று முன்தினம் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பதினொரு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். ஒருவரும் கத்தவில்லை. இந்த நாட்டிலேயே இருப்பதால் அவர்கள் வேறு முதலாளியிடம் மாறலாம்; சிலர் பக்கத்து ஊர்க் கம்பெனிகளில் இப்போதே விண்ணப்பித்துவிட்டார்கள். உனக்கு மட்டும் வழியில்லை. ஜூலை 22-ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை மூடிவிட்டார்கள். நான் இரண்டு நாள் தாமதம். இல்லை, இதிலும் பொய் சொல்கிறேன். மூன்று மாதம் தாமதம்.

செப்டம்பரில் ஊருக்கு வருகிறேன். அம்மாவின் குழிமேட்டில் நிற்கும்போது நீ வர வேண்டும். அம்மாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஊர் முழுக்கக் கூடியிருக்க, "வந்துட்டியாடி வெட்கங்கெட்டவளே" என்று கேள். என் மானத்தை வாங்கு. நான் செய்ததை எல்லாம் நடித்துக் காட்டு. அவர்கள் சிரிக்கட்டும். நீ கேலி செய்தால் நான் இன்னும் உனக்கு மனுஷிதான் என்று நம்புவேன். வேறு எதுவும் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இதைக் கேட்கவும் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஷுவாய்


அனுப்புநர்:
ஃபுங்காய் முட்டாசா,
பணியாளர் எண் 7,
குட்டு, ஜிம்பாப்வே.

பெறுநர்:
உயர்திரு முதலாளி அம்மா அவர்கள்,
கெட்டரிங், இங்கிலாந்து.

நாள்: 15 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: விடுப்பு வேண்டி.

வணக்கம். தங்கள் தாயார் கடந்த மார்ச் 25 அன்று காலமானார்கள். தாங்கள் வர இயலாத காரணத்தால், தங்கள் சார்பில் இறுதிச் சடங்கிலும் துணி பங்கிடும் சடங்கிலும் கலந்துகொள்ள மார்ச் 26 முதல் ஏப்ரல் 16 வரை எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த விண்ணப்பத்தை உரிய நேரத்தில் எழுதிக் கொடுக்காதது என் தவறு. தாங்கள் என் முதலாளி என்பது அப்போது என் நினைவில் இல்லை.

தாங்கள் செப்டம்பரில் வருவதைத் தங்கள் அண்ணனிடம் தெரிவித்துவிட்டேன். சிவப்பு மேல்சட்டையைத் துவைத்து மடித்து அவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். குழிமேட்டில் தங்களைக் கேலி செய்யும்படி கேட்டிருந்தீர்கள். அந்த வேலையை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்குத் தாங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

பிரயாணம் நல்லபடியாக அமையட்டும். செப்டம்பரில் வெயில் கடுமையாக இருக்கும், தொப்பி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஃபுங்காய் முட்டாசா

இணைப்பு: தாங்கள் ஏப்ரல் 4 அன்று எனக்கு எழுதிய கடிதம். இதை நான் யாரிடமும் காட்டவில்லை.