ஆறு கட்டப் பள்ளம்

பழைய டிசைன் ஃபைலைத் தூசி தட்டியபோது அந்த கிராப் தாள் கீழே விழுந்தது. ஒரு பக்கம் புடவைக்கான அன்னப்பட்சிக் கரை. மறுபக்கம் நீ பென்சிலால் போட்ட வீடியோ கேம் வரைபடம். உடைந்த பாலத்தின் நடுவே ஆறு கட்டப் பள்ளம். அதன்மேல் உன் கையெழுத்தில், 'தாண்டலாம்'.

பட்டுப் புடவை டிசைனைக் கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் நம் இருவருக்கும் வேலை. ஒரு கட்டம் பிசகினால் புடவை நெடுக அந்தப் பிழை வரும். ஆறு வருடத்தில் உன் எண்ணிக்கை ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அதைப் போய் நான் மறந்தேன் பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன காஞ்சிபுரத்தில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். "நீ விருந்தாளிபா, ஒண்ணாம் நம்பர நீ புடி" என்று ஜாய்ஸ்டிக்கை நீட்டுவாய். இரண்டு பேரும் பள்ளத்தைத் தாண்டினால்தான் கோட்டைக் கதவு திறக்கும். நான் தாண்டிவிடுவேன். நீ விளிம்பு வரை வந்து விழுவாய். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும்.

"எண்ணித்தான்பா குதிக்கிறேன். ஆட்டத்துலதான் ஏதோ தப்பு இருக்குது" என்றாய்.

"டிசைனுக்கு எண்ணத் தெரியுது, இதுக்குத் தெரியலையா? உன்னாலதான்பா தோத்துக்கினே இருக்கிறோம்."

உன் மனைவி காபியோடு நிற்கும்போது சொன்னேன். நீ வயரைச் சுருட்டி வைத்தாய். பிறகும் பட்டறையில் பேசினோம், சிரித்தோம். ஆட மட்டும் நீ கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது.

போன வாரம் அதே ஆட்டத்தைப் புதிதாகச் செய்து வெளியிட்ட சி.டி. கிடைத்தது. நிறமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. இப்போது விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். என்னென்ன திருத்தினோம் என்று பட்டியலும் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வரி: பழைய ஆட்டத்தில் இரண்டாவது ஆட்டக்காரரின் தாவல் ஒரு கட்டம் குறைவு; இப்போது இருவருக்கும் சமம்.

ஒரே ஒருமுறை ஜாய்ஸ்டிக்கை மாற்றிப் பிடித்திருந்தால் நான்தான் விழுந்திருப்பேன். எனக்கு அது தோன்றவேயில்லை. அவர்கள் தங்கள் தப்பை ஒப்புக்கொண்டு திருத்திவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ள நீ இல்லை.

இன்று காலை இரண்டாம் நம்பரை நான் எடுத்தேன். உன் தாளைப் பக்கத்தில் வைத்து, ஆறு கட்டம் எண்ணிக் குதித்தேன். அலுங்காமல் தாண்டியாயிற்று. கதவு திறக்கவில்லை, இன்னொரு ஆள் வர வேண்டும். ஒன்றாம் நம்பரை யாருக்கும் கொடுக்கவில்லை. அது உனக்கு.