கடவுள் சொல்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இன்று அதெல்லாம் உறைக்கவே இல்லை. எங்கள் பள்ளிக் கணினி அறைக்கு (இனி க.அ.) நெட் வந்துவிட்டது!

ஹெச்.எம். மேடம் வகுப்புக்கே வந்தார். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, அதாவது நாங்கள், முதலில். விதிகளையும் நாங்களே எழுத வேண்டும். ஒரு புகார் வந்தாலும் இந்த வருடம் முழுக்க க.அ.வுக்குப் பூட்டு. சொன்னதைச் செய்கிறவர்.

வீட்டில் அப்பாவின் போன் ஒன்றுதான். அது அவரோடு கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடும். எனக்கு க.அ.வை விட்டால் வேறு வழியில்லை. கவரைப்பேட்டை ரயில்வே கேட்டை வைத்து ஒரு விளையாட்டு செய்யப்போகிறேன். நோட்டில் எல்லாம் வரைந்தாயிற்று.

விதி எழுதும் வேலை எனக்கு. கையெழுத்து அழகாம். (உண்மை.)

வாங்க: சார்ட் 1, பச்சை ஸ்கெட்ச், பசை.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். எட்டு விதி முடிந்தது. எனக்குப் பிடித்தவை:

பார்த்ததெல்லாம் நம்பாதே, வந்ததெல்லாம் அனுப்பாதே.
முகம் தெரியாதவர் கேட்டால் பெயர், ஊர், போட்டோ தராதே.
உன் கடவுள் சொல்லை யாரிடமும் சொல்லாதே.

பாஸ்வேர்டுக்குத் தமிழ் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இ-சேவை மையத் திரையில் பார்த்திருக்கிறேன். அங்கே 'கடவுச்சொல்' என்று தப்பாக அடித்து வைத்திருந்தார்கள். நான் திருத்தி எழுதினேன்.

தமிழ் ஐயா பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஹெச்.எம். நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்தார். க.அ. சுவரில் ஒட்டியாயிற்று. நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

க.அ.வில் முதல் நாள். ஆளுக்கு ஒரு கணக்கு. வகுப்புக்கு ஒரு பொதுப் பக்கம், அதில் யார் எழுதினாலும் எல்லோருக்கும் தெரியும்.

கடவுள் சொல்லாக எதை வைப்பது என்று மொத்த வகுப்பும் என்னைக் கேட்டது. குலதெய்வத்தின் பேர்தான், அதுதான் கணினிக்குக் காவல் என்றேன். பெரிய மேதாவி மாதிரி. சிலர் கும்பிட்டுவிட்டு அடித்தார்கள். நான்: பச்சையம்மன்.

பக்கத்து நாற்காலியில் ரெஹானா மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். போன வருடம் பழவேற்காட்டிலிருந்து வந்தவள், இப்போது என் உயிர்த்தோழி. என்ன வைத்தாள் என்று கேட்டேன்.

"அல்லா பேர வெச்சி, தப்புத் தப்பா அடிச்சா பாவம்டி. எங்க பூனை பேர வெச்சிக்கினேன்."

அவள் வீட்டில் ஏழு பூனை. எது என்று சொல்ல மறுத்துவிட்டாள். கொஞ்சம் கோபம்.

என் ரயில் நகர்கிறது! திரையில், தானாக, நிஜமாகவே நகர்கிறது.

ஜூலை 10, வியாழன்

போச்சு. மத்தியானம் பொதுப் பக்கத்தில் என் பேரில் ஒரு செய்தி. இன்று பஸ் ஓடாது, மூன்று மணிக்கே கிளம்பலாம், ஹெச்.எம். சொன்னார் என்று. நான் எழுதவில்லை. அதை நம்பி இரண்டு பெண்கள் பையை மாட்டிக்கொண்டு புதுவாயல் வரை நடந்தே போய்விட்டார்கள். லாரி லாரியாக ஓடுகிற ரோடு. ஒரு கடைக்காரர் பார்த்துப் பள்ளிக்குப் போன் செய்திருக்கிறார். நல்லவேளை.

நாளை காலைக்குள் யார் என்று தெரியாவிட்டால் பூட்டு என்றார் ஹெச்.எம்.

எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா மகன் லோகேஷ், இதே வகுப்பு. பங்காளி. இரண்டு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம். கேட்டதும் விளையாட்டுக்குப் போட்டேன் என்று அழுதான். நாலு சாத்து சாத்தலாம் என்று போனவள் நின்றுவிட்டேன். குலதெய்வத்தின் பேரை வைக்கச் சொன்னதே நான்தான்.

ரெஹானா அதற்குள் சார்ட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமா துபாய் போறப்போ, பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டுன்னுதான் எழுதியிருந்தாங்க. அது இன்னா, சாமி சீட்டா?"

கடவு. கடந்து போகிற வழி. கடவுள் இல்லை. இ-சேவைக்காரர்கள் சரியாகத்தான் அடித்திருக்கிறார்கள். நான்தான் பச்சை ஸ்கெட்சில், கொட்டை எழுத்தில். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

தூறல். மணி அடிப்பதற்கு முன்பே லோகேஷை இழுத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு. அவன் ஒப்புக்கொண்டான். நானும் சொன்னேன்: உள்ளே போனது அவன் தப்பு, எல்லோர் கதவையும் திறந்து வைத்தது நான். லோகேஷுக்கு இரண்டு வாரம் க.அ. கிடையாது, அந்த இரண்டு பெண்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு என்ன என்று சொல்லவில்லை. பூட்டை எடுத்துக்கொண்டு க.அ.வுக்கு நடந்தார்.

வகுப்பே அங்கே காத்திருந்தது. இந்தத் தடவை சார்ட் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டு விதியையும் படித்தார். பிறகு சாமி பேர் வைத்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். ரெஹானாவைத் தவிர அத்தனை பேரும் எழுந்தோம். பூட்டு அவர் மடியிலேயே இருந்தது.

பூட்டை மேசைமேல் வைத்தார். முதல் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. மொதல்ல நான் என்னோடத மாத்திக்கினு வரேன்."